பதினேழாம் தட்டு

சென்-மார்சல்,
2 மே 1867

தம்பி ஃபிர்மினுக்கு அக்கா நொயேமி எழுதுவது. அப்பாவுக்கு முதுகுவலி, அம்மாவுக்கு வழக்கமான கோபம், மற்றபடி எல்லோரும் சுகம். பாரிஸில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைப் படம் வரைந்துவிட்டுப் பட்டினி கிடக்கிறாயா?

நீ வரைந்த என் படத்தைக் கண்காட்சியில் சேர்க்காமல் தள்ளிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். போன கோடையில் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பதினெட்டு நாள் மல்பெரி மரத்தடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தவள் நான். கோபப்பட வேண்டியதும் நான்தான். போகட்டும் விடு.

உன்னிடம் ஒன்று மறைத்துவிட்டோம். பிப்ரவரியில் எனக்கு அம்மை கண்டது. "அவன் படம் அனுப்புற நேரம், எதையாவது எழுதிக் கலவரப்படுத்தாத" என்று அம்மா தடுத்துவிட்டாள். மூன்று வாரம் கிடந்தேன். நான் பிழைத்துக்கொண்டேன், முகம் பிழைக்கவில்லை. கூடத்துக் கண்ணாடியைக் கழற்றி அம்மா துணிப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். வாளித் தண்ணீரை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள்? பட்டுப்புழு முட்டைப் பையை இந்த வருஷமும் என்னிடம்தான் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளாக நெஞ்சோடு கட்டி அடைகாக்கிறேன். நல்லவேளை, முட்டைக்கு முகம் பார்க்கத் தெரியாது.

சொஸ்தேன் மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்து துலோனில் இறங்கிவிட்டான். கிறிஸ்துமஸை ஒட்டிப் பட்டாளத்திலிருந்து விடுவிப்பார்களாம். எங்களுக்கு நிச்சயமாகி ஆறு வருஷம் ஆகிறது. அம்மை கண்டதை அவனுக்கும் எழுதவில்லை. அவன் வருவதற்குள் என் படம் இந்த வீட்டில் இருக்க வேண்டும். தள்ளுபடியான படத்துக்கு அங்கே என்ன வேலை? அனுப்பிவிடு.

இருமல் வந்தால் அலட்சியம் செய்யாதே.

உன் அக்கா,
நொயேமி


பாரிஸ்,
20 மே 1867

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே நான் நலம். ஒரு வாரமாக மழை. சன்னல் பக்கம் வெளிச்சம் கொஞ்சம் தாமதமாக வருகிறது. செஸ்ட்நட் மரங்கள் பூத்திருக்கின்றன, ஆனால் நம் ஊர் மரங்கள் போல இல்லை.

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை அக்கா. வலி இருக்கிறதா? கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

படத்தை அனுப்புகிறேன். ஆனால் அதில் உன் இடது கை சரியாக வரவில்லை. நடுவர்கள் தள்ளியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கையை மட்டும் திருத்திவிட்டு அனுப்புகிறேன். இன்னொன்று, தள்ளிய படங்களின் பின்னால் ஒரு முத்திரை குத்திவிடுகிறார்கள். தன் கையால் இழைத்துக் கொடுத்த சட்டத்தில் அப்பா அதைப் பார்க்க வேண்டாம். இழைத்து எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

அப்பாவின் முதுகுக்குக் கற்பூர எண்ணெய் தேய்க்கச் சொல்.

ஃபிர்மின்


சென்-மார்சல்,
18 ஜூன் 1867

தம்பி ஃபிர்மினுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வலி இல்லை. கண் நன்றாகத் தெரிகிறது. தெரிவதுதான் தொந்தரவு.

இந்த வருஷமும் புழுக்கள் போய்விட்டன. நாலாம் தோல் உரித்ததும் உடம்பெல்லாம் மிளகுப் பொடி தூவினது போலப் புள்ளி. ஒன்று தின்பதை நிறுத்தினால் மறுநாள் தட்டு முழுவதும் நிறுத்துகிறது. அப்பா கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தார். இப்போது மாடியில் எல்லா மரத்தட்டுகளும் காலி. அப்பா ஒவ்வொன்றிலும் சூட்டுக்கோலால் போட்ட எண்ணைத் தடவித் தடவிப் பார்க்கிறார். உன் படத்துக்குச் சட்டம் செய்யப் பிரித்தது பதினேழாம் தட்டாம். "அது ஒண்ணாவது பாரிசைப் பாத்துச்சு" என்றார்.

கையை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? என் கை என்னிடமே இருக்கிறது. எனக்கு முகம் வேண்டும். முத்திரையை அப்பா பார்த்தால் பார்க்கட்டும், அவர் பார்க்காத தோல்வியா? உடனே கட்டி அனுப்பு.

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

நொயேமி


பாரிஸ்,
3 ஆகஸ்ட் 1867

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். அறை மாறிவிட்டேன். இப்போது கஸ்பார் என்றொரு ஓவியனோடு சேர்ந்து இருக்கிறேன். வடக்கத்தியான். பார்க்கக் கரடி மாதிரி இருப்பான், பூனை செத்தால் அழுவான். பெரிய சன்னல், அடுப்பு புகைகிறது. என் படங்கள் எல்லாம் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சாமானெல்லாம் ஒழுங்குபடுத்தியதும் உன்னுடையதை எடுத்து அனுப்புகிறேன். வெயில் தாங்கவில்லை. எழுதக்கூடக் கை வரவில்லை.

ஃபிர்மின்


சென்-மார்சல்,
15 செப்டம்பர் 1867

தம்பிக்கு,

ஆகஸ்டில் எழுதினேன், பதில் இல்லை. செப்டம்பர் முதல் தேதி எழுதினேன், அதற்கும் இல்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

காரணம் சொல்லாததால்தான் நீ அசைய மாட்டேன் என்கிறாயோ என்று தோன்றுகிறது. சொல்கிறேன் கேள். சொஸ்தேன் வந்ததும் அந்தப் படத்தை அவன் முன்னால் வைத்து, "நீ வாக்குக் கொடுத்தது இவளுக்கு. இவ பிப்ரவரியில போயிட்டா. நீ உன் வழியப் பாத்துக்க" என்று சொல்லப் போகிறேன். அவன் பாவம் பார்த்து என்னைக் கட்டிக்கொள்வதும், ஒவ்வொரு நாளும் சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவதும் எனக்கு வேண்டாம். இந்த முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த முகமும் பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன். படம் எடுக்கிறவர் எவரும் இந்த மலைக்கு ஏறி வந்ததில்லை. என் முகத்துக்கு இருக்கும் ஒரே சாட்சி உன் கித்தான்தான்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பதிலில் எழுதிவைக்காதே, அவளும் படிப்பாள்.

குளிர் வருகிறது. கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன்.

நொயேமி


பாரிஸ்,
28 அக்டோபர் 1867

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை.

கஸ்பார் என்னை வரைந்து முடித்துவிட்டான். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்காலத்திலிருந்தே அவன் ஒரு படம்கூட முடித்ததில்லை. பகலெல்லாம் வரைவான், வெளிச்சம் போனதும் கத்தியை எடுத்துச் சுரண்டிவிடுவான். தரையெல்லாம் வண்ணச் செதில். மாடல் வைக்க வழியில்லை, புதுக் கித்தானும் இல்லை. "கதவுக்குப் பின்னால இருக்கே, எதுலயாவது வரைஞ்சுக்க. எல்லாம் செத்த படம்தான்" என்று நானே சொல்லிவிட்டு வெளியே போயிருந்தேன். எங்களுக்குள் அது வழக்கம்தான். ஒருவன் கைவிட்ட படத்தின் மேல் மற்றவன் வரைவான்.

மறுநாள் என்னைச் சன்னலோரம் உட்காரவைத்தான். குதிகாலை நாற்காலி மேல் ஏற்றி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு நாள். முகத்தைப் பழுப்பில் மெழுகாமல் வெளிச்சம் விழுந்த இடத்தை விழுந்தபடியே வைத்திருக்கிறான். நிழலில் நீலமும் ஊதாவும். முதல் நாள் ஒரு மணி நேரம் போயிருக்கும், "அப்படியே இரு, அந்தப் பார்வைய மாத்தாத. இப்பதான் வந்துச்சு" என்றான். மாற்றவில்லை. அன்று மாலை அவன் சுரண்டவில்லை. அதற்குப் பிறகும் சுரண்டவில்லை.

பார்க்க வந்த நண்பர்கள் எல்லோரும் அந்தப் பார்வையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மற்றவை அடுத்த கடிதத்தில்.

ஃபிர்மின்


சென்-மார்சல்,
9 நவம்பர் 1867

தம்பிக்கு,

சளிக்குத் தேனும் தைம் இலைக் கஷாயமும் குடி. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். என் படத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. விற்றுவிட்டாயா? தொலைத்துவிட்டாயா? எதுவானாலும் சொல்லிவிடு. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நொயேமி


பாரிஸ்,
4 டிசம்பர் 1867

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியை இன்று ரயிலில் போட்டேன். அலே ரயில் நிலையத்திலிருந்து வண்டிக்காரர் கொண்டுவருவார். அதில் இருப்பது கஸ்பார் வரைந்த என் படம். அம்மாவுக்கு இருக்கட்டும் என்று அவனே கொடுத்தான். நீயே முதலில் பிரி. தனியாக இருக்கும்போது பிரி.

எழுத வரவில்லை அக்கா. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃபிர்மின்


பாரிஸ்,
16 டிசம்பர் 1867

மரியாதைக்குரிய சகோதரிக்கு,

முன்பின் அறியாதவன் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கஸ்பார், உங்கள் தம்பியோடு அறையில் இருப்பவன். வீட்டில் பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

படம் சேதமில்லாமல் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. நான் சுரண்டாமல் விட்ட முதல் படம் அது. பின்னால் பழைய முத்திரை இருப்பது அழகாக இல்லையென்று சட்டத்தை மாற்றித் தருவதாகச் சொன்னேன். ஃபிர்மின் என் மேல் பாய்ந்தான். அதற்கு முன் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படம் முடிந்த நாளிலிருந்து அவன் தூரிகையைத் தொடவில்லை. மதியம் வரை படுத்திருக்கிறான். சூப் வைத்துக் கொடுத்தால் குடிக்கிறான், இல்லையென்றால் இல்லை. உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படி என்னத்தடா பாக்குற?" என்று கேட்டால், "மரத்தை" என்கிறான். அறையில் மரம் ஏது? கூடப் பிறந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

தங்கள் நலம் நாடும்,
கஸ்பார்


சென்-மார்சல்,
22 டிசம்பர் 1867

ஃபிர்மின்,

பெட்டி வந்தது. மாடியில் தனியாகத்தான் பிரித்தேன். உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டத்தைப் பார்த்தேன். அப்பாவின் சூடு. பதினேழு. தலைகீழாக இருக்கிறது.

நீ உட்கார்ந்த நாற்காலிக்கு நேரே இந்தப் பின்பக்கம்தான் இருந்திருக்கும். தெரிந்துகொண்டேவா உட்கார்ந்தாய்?

நொயேமி


பாரிஸ்,
27 டிசம்பர் 1867

அக்கா,

ஆமாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பதினேழு கண்ணில் பட்டது. அதற்கு முதல் நாள் நான் வெளியே போயிருந்தபோது கஸ்பார் உன் கித்தானைத் தலைகீழாகத் திருப்பி, மேலே சாம்பல் நிறத்தை மெல்லிசாகப் பூசி வைத்துவிட்டான். பழைய படம் கண்ணை இழுக்கக்கூடாது என்று நாங்கள் அப்படித்தான் திருப்புவோம். உன் சால்வை இருந்த இடத்தில் என் தலை. உன் முகம் கீழே, என் முழங்கால் வர வேண்டிய இடத்தில்.

மேலிருந்துதான் ஆரம்பித்தான். முழங்காலுக்கு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் உன் முகம் ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே இருந்தது. துணியால் துடைத்திருந்தால் வந்திருக்கும். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவன் சீட்டியடித்துக்கொண்டு வரைந்தான். சொன்னால் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு என் காலில் விழுந்திருப்பான், பிறகு எடுத்திருக்கவே மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம், "இன்னிக்கு முழங்காலு" என்றான். நான் அந்தப் பதினேழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஸ்பார் மேல் இரக்கம் என்பது பாதிதான் உண்மை. ஓய்வு நேரத்தில் எழுந்து போய்ப் பார்த்தேன். அது என் படத்தைவிட நல்ல படம். நான் பதினெட்டு நாளில் செய்யாததை அவன் ஒரே காலையில் செய்திருந்தான். நடுவர்கள் என்னைத் தள்ளியது சரிதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நல்ல படத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்கு உன் முகத்தைக் கொடுத்துவிட்டேன். அது கொடுக்க என்னுடையது இல்லை.

மே மாதமே அனுப்பியிருக்கலாம். கையைத் திருத்தவேண்டும் என்றது பொய். இன்னொரு தடவை கண்காட்சிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை.

சொஸ்தேன் வந்துவிட்டானா? என்ன சொன்னாய்?

ஃபிர்மின்


சென்-மார்சல்,
19 ஜனவரி 1868

தம்பி ஃபிர்மினுக்கு,

அப்பாவின் முதுகு தேவலை. அம்மாவுக்கு உன் படத்தின் மேல் ஒரே கவலை. "என் புள்ள மூஞ்சியில ஏன் இவ்வளவு நீலம்? குளிர்ல வெறைச்சுப் போயிருக்கானா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறாள். காலுறைகளை இத்தோடு அனுப்பச் சொன்னாள், அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் தேதி காலை சொஸ்தேன் வந்தான். அலேவிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். கதவைத் திறந்தது நான். முன்பல் இரண்டும் இல்லை, தோலெல்லாம் மஞ்சள், அவனா என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நொயேமி இருக்காளா?" என்று கேட்டான்.

நான்தான் என்றேன். அப்படியே விறகுக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான். சரி, முகத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் படம் இல்லாமல் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவனே பேசினான்.

"உன் முகம் எனக்கு ரெண்டாவது வருசமே மறந்துபோச்சு. காய்ச்சல்ல கெடந்தப்போ நெனைச்சு நெனைச்சுப் பாத்தேன், வரவே இல்ல. எழுத வெக்கமா இருந்துச்சு. வழி பூரா ஒரே பயம், வேற எவளையாவது நீன்னு நெனைச்சுக் கட்டிப்புடிச்சிருவேனோன்னு."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? "ஆறு வருசம் ஒரு முகத்த ஞாபகம் வெச்சுக்கத் துப்பில்லையா உனக்கு? கொசுவா அரிச்சுத் தின்னுச்சு?" என்று தெருவே கேட்கத் திட்டினேன். அவன் தலையை நிமிர்த்தி, பல்லில்லாத வாயால் சிரித்து, "ஆங், இதான் நொயேமி" என்றான்.

அம்மை கண்டதைச் சொன்னேன். "எனக்கு எது புதுசு எது பழசுன்னு தெரியலயே. நீ சொன்னாத்தான் உண்டு" என்றான். கல்யாணப் பேச்சை இதுவரை யாரும் எடுக்கவில்லை. தினமும் வருகிறான், விறகு பிளக்கிறான், சூப் குடிக்கிறான், போகிறான். கிண்ணத்தைப் பார்த்துக் குடிக்கவில்லை.

அன்றைக்கு அவன் போன பிறகு நன்றாக அழுதேன். அம்மை வந்தபோதுகூட அப்படி அழவில்லை. நான் யாருக்காக அந்த முகத்தைக் கேட்டு எட்டு மாதம் உன்னைப் பிடுங்கினேனோ, அவனிடமே அது இல்லை. இப்போது அது உன் ஒருத்தன் ஞாபகத்தில்தான் இருக்கிறது. படம் வந்திருந்தால் இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்து நானே அவனை அனுப்பியிருப்பேன் என்பதும் தெரிகிறது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன், அது இன்னும் வரவில்லை. மூன்று நாள் இருந்திருக்கிறது, பாவி.

ஆனால் படம் நல்ல படம்தான். அதை ஒத்துக்கொள்கிறேன். சில நாள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறேன். உன் மேல் உள்ள கோபம் என்று அம்மா நினைத்துக்கொள்கிறாள். பின்னாலிருந்து பார்த்தால் முதலில் இருப்பது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை, உன் போன கடிதத்தையும் காட்டவில்லை. கஸ்பாரிடமும் சொல்லாதே. பாவம், அவன் சுரண்டாத முதல் படம். வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்குப் பதில் எழுதிவிட்டேன். பொய் இல்லையே.

படுத்துக் கிடந்தது போதும். ஜூனில் புழு வேலை முடிந்ததும் கிளம்பி வா. மல்பெரி மரத்தடியில் உட்காருகிறேன். இருக்கிற முகத்தை இருக்கிறபடி வரை. அம்மைக் குழியை மெழுகினாயானால் கத்தியால் நானே சுரண்டுவேன். கஸ்பாரும் வரட்டும், கித்தானைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு வரச் சொல்.

அப்பா இன்னொரு தட்டைப் பிரித்துவிட்டார். இந்தத் தடவை எண் இல்லை, சட்டத்தின் நாலு பக்கமும் என் பெயரைச் சுட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படித் திருப்பினாலும் தெரியும்.

உன் அக்கா,
நொயேமி